சாவியை அன்றைக்கே கொடுத்துவிடாதே

1986 ஜூன் 19, வியாழக்கிழமை, பிற்பகல் மணி இரண்டு பத்து. வேலைநீக்க நோட்டீஸ் வாங்கியவர்கள் பதினொரு பேர். இன்று காலையில் பெயர் கூப்பிட்டபோது வந்து நின்றவர்கள் ஐந்து பேர். பதில் சொன்ன குரல்கள் ஆறு.

மகனே, இந்தக் கணக்கு உதைக்கிறது. எனக்கும் தெரியும். நான் டெக்னிக்கல் படித்தவன். உதைக்கிற கணக்கை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற ஆள் இல்லை. அதனால்தான் பம்ப் ஹவுஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே இப்போது சத்தமே இல்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கூரைக்கு அடியில் பேசுவதென்றால் கத்தித்தான் பேசியிருக்கிறோம். இப்போது மூன்று பம்புகளும் நின்றுவிட்டன, மெதுவாகப் பேசினால் போதும். ஆனால் எல்லோரும் இன்னும் கத்துகிறோம். கத்தி முடித்ததும் சுவர் அதைத் திருப்பிச் சொல்கிறது.

உனக்கு இன்னும் முப்பதாம் நாள் கும்பிடவில்லை, பெயரும் வைக்கவில்லை. இன்று காலை உன்னையும் உன் அம்மாவையும் அவள் தாய்வீட்டுக்குத் தெலுக் இந்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இந்தக் கடிதத்தை உனக்கு என் வயது, இருபத்தேழு, ஆகும்போது கொடுக்கச் சொல்வேன். ஆக, முகம் தெரியாத ஒரு ஆம்பிளையோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நீ என்ன வேலை பார்ப்பாய் என்று தெரியாது. கவர்மெண்ட் வேலை என்றால் உன் கைக்கும் ஒருநாள் இப்படி ஒரு காகிதம் வரலாம். கவர்மெண்டில் அதெல்லாம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். என்னோடு வேலை செய்கிற பம்ப் டிரைவர் ஹனீபா தனக்கு ஒரு பிரதி கேட்டிருக்கிறான், பத்திரிகைக்கும் ஒன்று அனுப்பச் சொல்கிறான். அனுப்புகிறேன். உனக்கு மட்டும் உதவுகிற விஷயம் இல்லை இது.

நாங்கள் இருப்பது ஈப்போ பக்கத்து லகாட்டுக்கு வெளியே. ஈய லம்பத்துக்காக, அதாவது ஈயச் சுரங்கத்துக்காக, தோண்டி, லம்பம் மூடிய பிறகு விட்டுப்போன பெரிய குட்டைகள் சுற்றிலும் இருக்கின்றன. நீர் இலாகாவின் இந்த நிலையம் அந்த லம்பத்து ஜனங்களுக்காகக் கட்டியது. தண்ணீரைச் சுத்தம் செய்து, பின்னால் இருக்கும் சின்ன மலைமேல் உள்ள தொட்டிக்கு ஏற்றுவதுதான் எங்கள் வேலை. லம்பங்கள் மூடின, ஆட்கள் போனார்கள். புதிய சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வேறு குழாய் நேராக மலைத்தொட்டிக்கே வந்துவிட்டது. நாங்கள் மிச்சம்.

இந்த மாச ஆரம்பத்தில் ஈப்போ ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நோட்டீஸைக் கொடுத்தார். பதினொரு பேரும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு மலாய் மொழியில் நன்றி சொன்னோம். நானும் சொன்னேன். சம்பளம் கொடுக்கிறவனுக்குச் சொல்லிப் பழகிய வாய், அன்றைக்கும் தானாகச் சொன்னது. ஆகஸ்ட் கடைசிவரை சர்வீஸ், அதன்பிறகு நீக்கம் என்று அதில் இருந்தது.

கேட்டுக்கொள். நோட்டீஸ் வந்ததும் முதலில் செய்யவேண்டியது, எதையும் செய்யாமல் உட்காருவது. உட்கார்ந்து கடைசி வரிவரை படி. பாஷை புரியாவிட்டால் புரிந்தவனை வைத்துப் படி. கடைசி நாள் எது, காரணமாக என்ன எழுதியிருக்கிறான், கையெழுத்துப் போட்டவன் யார், மேல்முறையீடு செய்ய இடம் இருக்கிறதா என்று பார். கையெழுத்துக் கேட்டால் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதி போட்டு, அதற்குக் கீழே போடு. 'சம்மதம்' என்று எங்கேயும் எழுதாதே. அவன் அவசரப்படுத்துவான். நான் எல்லாவற்றுக்கும் அவசரப்படுகிற ஆள். நானே சொல்கிறேன், இதற்கு மட்டும் அவசரப்படாதே.

அன்றைக்கு அவசரப்பட்டவர் முனியாண்டி அண்ணன். மலைத்தொட்டியின் வால்வைத் திறந்து மூடுவதுதான் அவருக்கு வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அதையே செய்தவர். நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நேராகக் குவாட்டர்ஸுக்குப் போனார். வீட்டைக் கூட்டினார், அடுப்பைக் கழுவினார், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் சாவியைக் கொண்டுவந்து ஓவர்சீயர் மேசையில் வைத்துவிட்டார். துணி மூட்டையோடு வெளியே வந்தவரை நான்தான் மறித்தேன்.

"என்னண்ணே, ஆகஸ்ட் வரைக்கும் இருக்கே. இப்பவே எங்க போறீங்க?"

"காம்பாருக்கு, மக வூட்டுக்கு."

"சம்பளம் ஓடுதுண்ணே. வீடும் அதுவரைக்கும் உங்களுதுதான்."

"வேல இல்லாத வூட்ல எப்படி தம்பி படுக்கிறது? தூக்கம் வராது லா."

ஓவர்சீயர் தங்கையா சாவியைச் சுவர்ப் பலகையில் ஆணியில் மாட்டினார். "ஏன்ணே வாங்குனீங்க?" என்று சண்டைக்குப் போனேன். "குடுத்தாரு, வாங்குனேன். வேணாம்னு சொல்ல நான் யாரு? எனக்கே நோட்டீஸ் வந்திருக்கு" என்றார். அதுவும் உண்மைதான். பதினொன்றில் அவரும் ஒருவர்.

முனியாண்டி அண்ணன் செய்தது முட்டாள்தனம் என்று உனக்குத் தோன்றும். தோட்டத்தில் பிறக்காதவன் நீ. தோட்டத்தில் வீடு தனி, வேலை தனி என்று கிடையாது. ரப்பர் பால்மரம் வெட்டுகிற கை நின்றால் லயத்து வரிசைவீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அது எழுதாத சட்டம். எழுபத்து நாலில், ஈப்போவுக்குத் தெற்கே நாங்கள் இருந்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். இனி வேலை இல்லை என்று துரை சொன்ன மறுநாளே உன் தாத்தா ஆறுமுகம் லயத்து வீட்டைக் காலி செய்தார். காலி செய்ததோடு விடவில்லை. கடையில் சுண்ணாம்பு வாங்கி வந்து உள்சுவருக்கு வெள்ளை அடித்தார். "குடுக்கிறத சுத்தமா குடுக்கணும்" என்று சொல்லிச் சாவியைத் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் ஒப்படைத்தார். நாலு குடும்பம் மட்டும் சாவியைக் கொடுக்கவில்லை. தண்ணீரை வெட்டினார்கள், விளக்கை வெட்டினார்கள், அவர்கள் மண்ணெண்ணெய் விளக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்து ஆட்கள் வந்தார்கள், பேச்சு நடந்தது, கடைசியில் அந்த நாலு குடும்பத்துக்கு மட்டும் நஷ்ட ஈடும் வீட்டு மனையும் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பதில்: நீங்கள்தான் நீங்களாகவே போய்விட்டீர்களே.

இதை நான் இங்கே எல்லோரிடமும் சொன்னேன். ஆகஸ்ட் கடைசிவரை தினமும் வந்து நில்லுங்கள், பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள், அதற்குள் வேறு நிலையத்துக்கு மாற்றல் கேட்டு மனுப் போடலாம் என்றேன். தலையை ஆட்டினார்கள். அப்புறம்தான் பம்ப் சுற்ற ஆரம்பித்தது.

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததும், ஃபியூஸ்களை நானே பிடுங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். ஒரு வாரம் எல்லாம் செத்துக் கிடந்தது. ஒருநாள் காலையில் பெயர் கூப்பிட்டு முடித்து நிற்கிறோம், பம்ப் ஹவுஸுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. தொண்டை கட்டின ஆள் எழுந்திருக்க முயல்கிற மாதிரி. உள்ளே போனால் இரண்டாம் நம்பர் பம்பின் அச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. வேகமாக இல்லை. நிதானமாக. எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று உடம்பில் சிவப்புப் பெயிண்டால் அம்பு போட்டிருக்கும். அம்பு ஒரு பக்கம் காட்டுகிறது, அச்சு மறுபக்கம் சுற்றுகிறது. வெயில் சுள்ளென்று ஜன்னல் வழியாக விழுந்திருக்கிறது, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, ஒளிந்துகொள்ள இருட்டு ஒரு மூலையிலும் இல்லை. அதுதான் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் அது தானாக நின்றது.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போன வீராசாமி டிரைவர்தான் வந்திருக்கிறார் என்று பேச்சுக் கிளம்பியது. அவர்தான் தினமும் இரண்டாம் நம்பரை முதலில் ஓடவிடுவாராம். ஹனீபா மட்டும் சிரித்தான். "மச்சான், ஆவிக்கு ஓவர்டைம் உண்டா? அவருக்கும் நோட்டீஸ் குடுத்தாச்சான்னு ஆபீஸ்ல கேளு."

"ஆவியும் இல்ல, கீவியும் இல்ல" என்று கத்தினேன். "மேல தொட்டியில தண்ணி இருக்கு. ஏத்துன தண்ணி திரும்பி வராம தடுக்கிற வால்வுல நாக்குத் தேஞ்சு போச்சு. மேல யாரோ தொறக்குறான், தண்ணி குழா வழியா இறங்குது, பம்ப திருப்பிச் சுத்துது. இவ்ளோதான்."

"சரி மச்சான். தொறக்கிறது யாரு லா?"

"புதுக் குழாய்க்காரன் எவனாவது இருப்பான்."

விஞ்ஞானம் சொன்னால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஒருவர் மனைவிக்குக் காய்ச்சல் என்று கிளம்பினார். ஒருவர் ஒன்றுமே சொல்லாமல் கிளம்பினார். ஆளுக்கொரு நாளாக ஐந்து பேர் போனார்கள். முனியாண்டி அண்ணனையும் சேர்த்து ஆறு. எல்லோரும் போகும்போது ஒழுங்காகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சுவர்ப் பலகையில் ஆறு சாவி. காற்றடித்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

பெயர் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. இலாகா வழக்கம், தினமும் காலையில் ஓவர்சீயர் பெயர் கூப்பிடுவார். நாம் மலாயில் 'ஹாடிர்', அதாவது இருக்கிறேன், என்று சொல்லவேண்டும். தங்கையா பதினொரு பெயரையும் கூப்பிட்டார். போனவர் பெயர் வரும்போது நிறுத்தி, சாலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும். அப்புறம் அடுத்த பெயர். கடைசியில் "தங்கையா!" என்று தன் பெயரையே உரக்கக் கூப்பிட்டு, ஒரு மூச்சு விட்டு, "ஹாடிர்" என்று மெதுவாகச் சொல்லிக்கொள்வார். முதல் நாள் ஹனீபா சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"இல்லாத ஆளுக்கு எதுக்குண்ணே காத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பட்டியல்ல பேரு இருக்கு. வெட்ட எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா ஒண்ணு, பேரு கூப்பிட்டு வராதவன் தானா வேலைய விட்டவன். மாசக் கடைசியில ஈப்போவுக்கு அப்படித்தான் நான் எழுதணும். எழுதிட்டேன்னா முடிஞ்சுது. இத்தன வருஷ சர்வீஸும் போச்சு."

மாசக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. ஆறு பேரை யாரும் துரத்தவில்லை. தாங்களாகவே நடந்து போய்விட்டார்கள், என் அப்பாவைப் போல.

நேற்றுக் காலை முனகல் ஆரம்பித்ததும் மலைமேல் ஓடினேன். பின்பக்கம் ஒற்றையடிப் பாதை. ஒரு காலத்தில் அதுவும் பால்மரத் தோட்டம்தான். யாரும் வெட்டாமல் விட்டுப் பல வருஷம் ஆயிற்று. மரத்துக்கு மரம் பால் பிடிக்கிற மங்கு இன்னும் கம்பியில் மாட்டியிருக்கிறது, உள்ளே மழைத்தண்ணீர். பழைய வெட்டுக்காயங்கள் தடித்துப்போய் உதடு மாதிரி மூடியிருந்தன. பறவைச் சத்தம் இல்லை. என் மூச்சும் செருப்பும்தான். மேலே போனால் தொட்டிக்குப் பக்கத்தில், வால்வுச் சக்கரத்தின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு முனியாண்டி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்.

"வா தம்பி" என்றார். "தண்ணி ஒழுங்கா ஏறுதா?"

ஓடிவந்த மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன். "நீங்க காம்பார்லதான இருக்கீங்க?"

"ஆமா, மக வூட்லதான். மொத பஸ்ஸப் புடிச்சு வாரேன். வேலைக்கு வரணும்ல?"

"அண்ணே, வேலைக்கு வந்தா கீழ வந்து நிக்கணும். கீழ பம்பு ஓடல. நீங்க தொறக்கிறதாலதான் அது திருப்பிச் சுத்துது. பேயின்னு அஞ்சு பேரு ஓடிட்டாங்க."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என்னையவா பேயின்னானுங்க?" சிரிப்புச் சட்டென்று நின்றது. "பம்பு ஓடலயா?"

"ஃபியூஸே என் இழுப்பறையில இருக்கு."

"சத்தம் கேக்குதே தம்பி. சத்தம் கேட்டுத்தான தொறக்கிறேன்."

இது அவர்கள் வேலைமுறை. மலைக்கும் பம்ப் ஹவுஸுக்கும் டெலிபோன் கிடையாது. வால்வுக்காரர் குழாயில் காதை வைத்துக் கேட்பார். கீழே பம்பை ஓடவிட்டார்கள் என்றால் இரும்பில் ஒரு ரீங்காரம் வரும். அது வந்த பிறகுதான் திறப்பார். முதலில் ரீங்காரம், பிறகு திறப்பது. ஆனால் இவர் திறந்தால்தானே கீழே சுற்றும்? திறப்பதற்கு முன்னால் எது இவருக்குக் கேட்டது? வால்வை மூடச் சொன்னேன். மூடினார். நான் குழாயில் காதை வைத்தேன். வெயிலில் இரும்பு சுட்டது. வெயிலில் நீளுகிற குழாய் சத்தம் போடும், கசிகிற தண்ணீரும் சத்தம் போடும், எனக்குத் தெரியும். காதை எடுத்துவிட்டேன். எனக்கும் அந்த ரீங்காரம் கேட்டது. அதற்குமேல் எழுத விருப்பமில்லை.

"கீழ வாங்கண்ணே. பேரு கூப்பிடுறாங்க. பதில் சொல்லுங்க."

"சாவியக் குடுத்த எடத்துல எப்படி தம்பி போயி நிக்கிறது? மானக்கேடு லா. அதான் பின்பக்கமா ஏறி வாரேன்."

வரவேமாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். பேய் இல்லை, நம் முனியாண்டி அண்ணன்தான் என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "பேயா இருந்தாக்கூட பரவால்லைங்க, பூசாரியக் கூப்பிடலாம். உசுரோட இருக்கிற ஆளுன்னு சொல்றீங்களே, அதுதான் பயமா இருக்கு. நீங்களும் இந்தப் பம்ப விட்டுட்டு வரமாட்டீங்க. நாளைக்கு நானும் புள்ளையும் கூப்பிட்டாக்கூட உங்களுக்குக் கேக்காது."

"எனக்கென்ன கிறுக்கா?"

"அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு."

கத்தினேன். நீ விழித்து அழுதாய். இரவோடு அவள் பையைக் கட்டிவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், அவளுக்குத் தெரியாத ஒன்றை அவள் தொட்டுவிட்டாள். தோட்டத்தை விட்டு நாங்கள் ஈப்போ புந்தோங்கில் வாடகைக் குடிசைக்கு வந்த பிறகு, என் அப்பா தினமும் விடியுமுன்னே சைக்கிளில் கிளம்புவார். வேலை தேடப் போகிறேன் என்பார். மதியம் வெறுங்கையோடு வருவார். அம்மா ஒருநாள் என்னைப் பின்னால் அனுப்பினாள். எனக்குப் பதினைந்து வயது. இரவல் சைக்கிளில் தொடர்ந்தேன். அவர் நேரே விற்றுப்போன தோட்டத்துக்குப் போனார். அங்கே பெரட்டுக்களம், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற மைதானம், முழங்கால் அளவு புல் ஏறிக் கிடந்தது. பனிமூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இரண்டு வரிசையாக நின்றார்கள். கையில் வாளி, பால்கத்தி. எல்லோரும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். முன்னால் கிராணி நிற்கிற இடம் காலி. யாரும் பேசவில்லை. தூரத்தில் புது முதலாளியின் ஆட்கள் மரம் அறுக்கிற சத்தம் மட்டும்.

"அப்பா" என்றேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய் "அப்பா, வீட்டுக்கு வாங்க" என்றேன். கண் கூட அசையவில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டால்தான் அசையவேண்டும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கிராணி நிற்கிற இடத்தில் போய் நின்று, பெற்ற தகப்பனை, "ஆறுமுகம்!" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்று ஓர் அடி முன்னால் வந்தார்.

அவர் கையைப் பிடித்து இழுத்தேன், வந்தார். ஆனால் மற்றவர்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அடுத்த பெயரை நான் கூப்பிடவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களை மாமா, சித்தப்பா என்றுதான் தெரியும், பட்டியலில் இருக்கிற பெயர் தெரியாது. கூப்பிடாமல் வந்துவிட்டேன். பாதி வழியில் அப்பா சைக்கிளை நிறுத்தி, "பேரு சொல்லிக் கூப்பிட்டத அம்மாகிட்ட சொல்லாத" என்றார். சொல்லவில்லை. அதன்பிறகு அவர் அங்கே போகவில்லை. செத்தும் போய்விட்டார். அந்த மற்றவர்கள் எத்தனை நாள் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதனால் இன்று காலை தங்கையாவிடம் சொன்னேன்: "அண்ணே, முனியாண்டி பேரு வந்ததும் மலையப் பாத்துத் திரும்பி, நல்லாக் கத்திக் கூப்பிடுங்க."

"மலையப் பாத்துக் கத்தவா? எனக்குக் கிறுக்குன்னு ஜீப்ல ஏத்திருவானுங்க லா."

"இப்ப மட்டும் நல்லாவா இருக்கோம்?" என்றான் ஹனீபா. "கத்துங்கண்ணே. எவனும் வரலன்னா நானே ஹாடிர் சொல்றேன்."

தங்கையா திரும்பினார். வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு கூப்பிட்டார். குட்டைக்கு மேலே போய் எதிரொலி திரும்பி வந்தது. அதுவும் அடங்கியது. இரண்டாம் நம்பர் முனகுகிற நேரம் அது. முனகவில்லை. அப்போது பால்மரங்களுக்கு மேலேயிருந்து, மெல்லிசாக, ஆனால் தெளிவாக வந்தது.

"ஹாடிர்!"

தங்கையா பட்டியலில் பேனாவை வைக்கப் போனார். ஆனால் அவர் ஓவர்சீயர், நிறுத்திச் சொன்னார்: "கொரலுக்கெல்லாம் வந்துட்டார்னு எழுத முடியாது தம்பி. ஆளு வந்து நிக்கணும்."

இன்று இதுவரை பம்ப் சுற்றவில்லை. பதில் சொன்ன பிறகு அவர் வால்வைத் தொடவில்லை. தன் பெயர் கேட்ட பிறகு குழாயில் காது வைக்கத் தேவையிருக்கவில்லை போல. பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பலகையிலிருந்து அவர் வீட்டுச் சாவியைக் கழற்றினேன். தங்கையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் ஒண்ணும் பாக்கல லா" என்றார். சாவியை இப்போது இந்தக் காகிதத்தின்மேல் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

உனக்கு நோட்டீஸ் வந்தால், இருக்கிறவரை முழுசாக இரு. கடைசி நாள்வரை சாவி உன் சட்டைப்பையில் இருக்கட்டும், வெட்கப்படாதே, வெட்கப்படவேண்டியவன் நீ இல்லை. நாள் முடிந்ததும் கொடுத்துவிட்டு முழுசாகப் போ. திரும்பி வந்து மலைமேல் உட்காராதே. நானும் அப்படித்தான் போகப்போகிறேன். ஆகஸ்ட் கடைசி நாள் சாயங்காலம், ஒரு நிமிஷம் கூட அதிகமாக இல்லாமல். இதை உன் அம்மாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், இதைப் படித்தால் அவளுக்குத் தெரியட்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை பெயர் கூப்பிடுமுன் மலைக்குப் போய், சாவியை முனியாண்டி அண்ணன் கையில் வைப்பேன். கெஞ்சமாட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

2. பின்பக்கப் பாதை வேண்டாம். முன்வாசல் வழியாகக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்துவேன்.

3. மத்தியானம் ஹனீபாவின் மோட்டார் சைக்கிளில் மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் போவோம். அவர்கள் சாவிகளையும் எடுத்துப்போவேன். தங்கையா அதையும் பார்க்கமாட்டார். பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே அவர்கள் முழுப்பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை எனக்குப் பெயர் தெரியாமல் போகாது.

4. பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டு, வேறு நிலையத்துக்கு மாற்றல் கேட்டு ஒரே மனு. ஒன்று ஆபீசுக்கு, ஒன்று சங்கத்துக்கு, ஒன்றில் ஆபீஸ் முத்திரை வாங்கி நம் கையில்.

5. திரும்பிவரும் தண்ணீரைத் தடுக்கிற வால்வுக்குப் புது நாக்குப் போடுவேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் போடுவேன். குழாயில் இன்னொரு தடவை காது வைக்கமாட்டேன்.

6. உன் முப்பதுக்குத் தெலுக் இந்தான் வருவேன். தாத்தா பெயரை, ஆறுமுகம் என்று, உனக்கு வைக்கவேண்டும் என்பது உன் அம்மாவின் ஆசை. வேண்டாம் என்று சொல்வேன். அந்தப் பெயரை நான் ஒரு தடவை கூப்பிட்டு, பதில் வந்துவிட்டது. உன்னைக் கூப்பிட்டால் நீதான் 'இருக்கேன்' என்று வந்து நிற்கவேண்டும்; வேறு யாரும் வரக்கூடாது.